இடது புருவத்தில் ஒரு தழும்பு

மல்லிகா அந்தப் பெண்ணின் முகவாயை இரண்டு விரல்களால் பிடித்து, சந்தையில் பூசணிக்காய் பார்ப்பவள் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“மச்சம் எங்க சாமி இருக்குது?”

“மச்சம் இல்லீங்க்கா.”

“அப்பத் தழும்பு?”

அந்தப் பெண் நெற்றியில் விழுந்திருந்த முடியை இன்னும் கொஞ்சம் இழுத்து இடது கண்ணுக்கு மேலே விட்டுக்கொண்டாள்.

காலை எட்டரை மணி இருக்கும். கொல்லிமலையில் பைல் நாட்டுப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியின் வராந்தா. மூடுபனி படியேறி உள்ளே வந்திருந்தது. எதிரே கொடிக்கம்பத்தின் பீடம் மட்டும் தெரிந்தது. அதற்கு மேலே கம்பம் இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான். சமையல்கட்டில் ரவை வறுக்கும் வாசனை.

நான் மூன்றடி தள்ளி, என் கேமரா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மல்லிகாவின் கழுத்தில் தொங்கிய கேமராவில் கைப்பிடி ரப்பர் என்றோ உரிந்துபோய், அந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தாள். என் பைக்குள் இருந்தது அதைவிடப் பல மடங்கு நல்ல கேமரா. ஆனால் அன்று அதை வெளியே எடுக்க எனக்குத் துணிவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அந்தப் பெண்ணின் விண்ணப்பம் நாமக்கல் அலுவலகத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் ரம்யாவுக்கு அந்த வருடம் நர்சிங் படிப்பு இல்லை. அவள் நிலைமை அப்படி ஆனதற்கு முழுக் காரணம் நான்.

ஒரு வாசகர் கேட்டது

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் நான் முதன்முதலாக வாங்கிய கேமராவைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த ஒருவர் கேட்டிருந்தார்: “என்னிடமும் நல்ல கேமரா இருக்கிறது. படங்களும் நன்றாகத்தான் வருகின்றன. தொழில்முறைப் புகைப்படக்காரர் என்பவர் என்னிடமிருந்து எதில் வேறுபடுகிறார்?”

பதில் எழுதப் பட்டியல் போட்டேன். எனக்குப் பட்டியல் போடாமல் யோசிக்க வராது. இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு அது தெரியும். ஒன்று, இரண்டாவது கேமரா வைத்திருப்பார். இரண்டு, பத்தே நிமிடம் கொடுத்தாலும் வேலையை முடிப்பார். மூன்று, வெளிச்சம் சரியில்லை என்று வீட்டுக்குத் திரும்ப மாட்டார்.

ஏழாவதுக்கு வந்தபோதுதான் கவனித்தேன். நான் எழுதிக்கொண்டிருந்தது பொதுவான பட்டியலே இல்லை. அந்தப் பனிக்காலைப் பொழுதில் மல்லிகா என்னென்ன செய்தாள் என்பதைத்தான் வரிசையாக எழுதியிருந்தேன். அதனால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததையே எழுதுகிறேன்.

புள்ளி என்றால் பிழை

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். வேலை ஓசூரில், கைப்பேசிக் கேமராக்களைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில். ஒவ்வொரு கேமராவுக்கு முன்னாலும் ஒரு சாம்பல் நிற அட்டையைக் காட்டுவோம். அது எடுக்கும் படத்தில் வெறும் சாம்பல் நிறம் மட்டுமே இருக்க வேண்டும். எங்காவது ஒரு கரும்புள்ளியோ வெள்ளைப் புள்ளியோ தெரிந்தால் அது பிழை. அக்கம் பக்கத்து நிறத்தை எடுத்து அந்தப் புள்ளியை மூடச் சொல்லி மென்பொருளுக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

மூன்று வருடம் இதையே செய்தால் கண் அதற்குப் பழகிவிடும். தயிர்சாதத்தில் கடுகைப் பார்த்தால்கூட எனக்கு ஒரு நொடி கை நிற்கும்.

பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்ன மாதங்கள் வந்தன. சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் கணினியை வைத்துக்கொண்டேன். சேர்த்து வைத்ததில் ஒரு பெரிய கேமரா வாங்கினேன். சனிக்கிழமை தவறாமல் மலைக்கு முதல் பேருந்து.

அந்தச் சனிக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் நாக்கில் கொஞ்சம் ஏலக்காய் டீ ருசி வருகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவு தாண்டியதும் காது அடைக்கும். ஐம்பதைத் தாண்டினால் ஜன்னல் கம்பி சில்லிடும். மேலே இறங்கியதும் அன்னாசிப் பழ வாசனையும் டீசல் புகையும் கலந்து வரும். மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, சிலந்தி வலையில் தங்கிய பனித்துளி, சாமை வயலுக்குள் பாதி மறைந்த ஒரு குடை. இவைதான் என் படங்கள்.

எங்கள் அலுவலகக் குழுவில் போட்டால், “புரொபஷனல் மாதிரியே இருக்கு” என்று எழுதுவார்கள். நானும் நம்பினேன்.

அப்படி ஒரு நாள் டீக்கடையில் வளர்மதி டீச்சர் என் கேமராவைப் பார்த்தார். அந்தப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆசிரியை.

“ஏனுங்க கண்ணு, இம்புட்டுப் பெரிய கேமரா வெச்சிருக்கறீங்க. எங்க புள்ளைங்க பத்தொம்போது பேரு அப்ளிகேசன் போடறாங்க. பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக் குடுத்தா புண்ணியமாப் போவும்.”

“எடுத்துட்டாப் போச்சுங்க டீச்சர். காசெல்லாம் வேண்டாம்.”

போன வருடம் யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மல்லிகா என்று சொல்லியிருப்பார்.

மையில் வைத்த மச்சம்

மல்லிகாவும் நானும் சேந்தமங்கலத்தில் ஒரே பெஞ்ச். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பு அடையாளம் எழுதிய நாளைச் சொல்லாமல் முடியாது.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது, ஒவ்வொருவருக்கும் இரண்டு அங்க அடையாளங்கள் எழுத வேண்டும். அன்று வகுப்பில் பாடமே நடக்காது. ஒருத்தி முதுகை இன்னொருத்தி பார்ப்பாள். தாவணியை விலக்கிக் கழுத்தைத் தேடுவாள். “எனக்கு மூணு இருக்குது, ஒண்ண நீ வெச்சுக்க” என்று தாராளமாகச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு முகவாய்க்குக் கீழே ஒன்று, வலது முழங்கையில் ஒன்று. இரண்டே நிமிடத்தில் முடிந்தது.

மல்லிகாவுக்கு முழங்காலில் ஒரு தழும்பு மட்டும்தான் கிடைத்தது. இரண்டாவது எங்கேயும் இல்லை. டீச்சர் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது மல்லிகா என் கறுப்பு மைப் பேனாவைப் பிடுங்கி, இடது மணிக்கட்டில் ஒரு புள்ளி வைத்தாள். மை காயட்டும் என்று நான் ஊதினேன்.

“இடது மணிக்கட்டில் ஒரு மச்சம்” என்று டீச்சர் எழுதிக்கொண்டார்.

அது அப்படியே சான்றிதழில் அச்சாகிவிட்டது. பிற்பாடு ஏதோ ஒரு படிப்புக்குச் சான்றிதழ் சரிபார்க்கப் போனபோது, மல்லிகா கழிப்பறைக்குள் போய் மணிக்கட்டில் புள்ளி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வெயில் காலம். வரிசையில் நின்று நின்று வியர்த்து, அவள் கையை நீட்டும்போது புள்ளி ஒரு கோடாகியிருந்தது. அலுவலர் அவளையும் கோட்டையும் பார்த்துவிட்டு, “கையக் கழுவீட்டு வாம்மா” என்றாராம்.

“அன்னைக்கு நான் நின்ன நிப்பு எந்தப் புள்ளைக்கும் வரக் கூடாதுடி” என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அவள் அந்தப் படிப்புக்குப் போகவில்லை. ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து, சில வருடத்தில் உரக்கடை மாடியில் சொந்தமாக ஒன்று வைத்துக்கொண்டாள். ஸ்டூல், இரண்டு விளக்கு, கயிற்றில் கட்டிய சீப்பு, ஆணியில் எல்லா அளவுக்கும் பொருந்தாத ஒரு கோட்டு. கீழேயிருந்து எப்போதும் யூரியா வாசனை வரும். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றிருக்கிறேன். அவள் எப்படிப் படம் எடுக்கிறாள் என்று மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பத்தொன்பது அழகான முகங்கள்

பள்ளிக்குப் போய்ப் பெண்களை ஒவ்வொருத்தியாக ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். வெளிச்சம் வலப் பக்கத்திலிருந்து முகத்தில் விழுந்து, இடப் பக்கம் மெல்லிய நிழலாக இறங்கியது. அப்படி ஒரு வெளிச்சத்துக்காக நான் எத்தனையோ சனிக்கிழமை காத்திருந்திருக்கிறேன். ரம்யாவை மட்டும் அறுபத்து மூன்று படம் எடுத்தேன். அவளுக்கு எடுப்பான மூக்கு.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் மாடியறையில் உட்கார்ந்தேன். பின்னணியை வெள்ளையாக்கினேன். பிறகு முகங்களைப் பெரிதாக்கினேன். புள்ளிகள் தெரிந்தன.

என் கை என்ன செய்யும் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருத்தியின் மூக்குத் தண்டில் இருந்ததை எடுத்தேன். ஒருத்தியின் மேலுதட்டில், ஒருத்தியின் கன்னத்தில். ரம்யாவின் இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. நிழலில் இருந்தாலும், திரையில் பெரிதாக்கினால் அங்கே ஒரு விரற்கடை அளவுக்கு முடி இல்லாதது தெரிந்தது. அதற்கு மட்டும் நாற்பது நிமிடம் ஆனது. ஒவ்வொரு முடியாக வரைந்து புருவத்தைச் சேர்த்தேன். முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டது ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு ஒரு பெரிய உதவி செய்துவிட்ட நிறைவு.

அச்சுப் போட சேலத்துக்கு அனுப்பினேன். மல்லிகாவிடம் கொடுக்கத் தோன்றவில்லை. அவள் பயன்படுத்தும் தாள் என் படங்களுக்குப் போதாது என்று நினைத்தேன்.

படங்களைக் கொடுத்த அன்று வகுப்பறை ஒரே கூச்சல். “ஏ, சினிமாக்காரி!” என்று ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டார்கள். ரம்யா மட்டும் தன் படத்தை வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தாள்.

“இது எங்கக்கா மாதிரி இருக்குதுங்க்கா” என்றாள்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

சிவப்பு மை

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை மதியம் வளர்மதி டீச்சர் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“கண்ணு, நாலு புள்ளைங்க அப்ளிகேசன் திரும்பி வந்துருச்சு. அடையாளம் ஒத்துப்போகலைன்னு செவப்பு மையில எழுதியிருக்குது. சர்டிபிகேட்ல மச்சம் இருக்குதாம், போட்டோவுல இல்லையாம். நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்களா?”

போனை வைத்துவிட்டு மாடியறைக்கு ஏறினேன்.

நான் கைவைக்காத மூலப் படங்கள் என்னிடம் பத்திரமாக இருந்தன. எந்தத் தேதி, எந்த வரிசை என்று பெயரிட்டு இரண்டு இடத்தில் வைத்திருந்தேன். திறந்து பார்த்தேன். மூன்று பேருக்கு மச்சம் தெளிவாகத் தெரிந்தது. அச்சுப் போட்டால் போதும். ரம்யாவுக்கு மட்டும் முடியவில்லை. என் அழகான ஜன்னல் வெளிச்சத்தில் அவள் இடது புருவம் முழுவதும் நிழலில் இருந்தது; பாஸ்போர்ட் அளவில் தழும்பே தெரியவில்லை. நிழலை வெளுக்க வைத்தால் அங்கே மணல் கொட்டியது போல ஆனது. அறுபத்து மூன்று படங்களிலும் அப்படியே.

சேலத்துக்கு அனுப்ப நேரமில்லை. பென் டிரைவை எடுத்துக்கொண்டு உரக்கடை மாடிக்கு ஓடினேன்.

மல்லிகா திரையில் படங்களைப் பார்த்தாள்.

“ஓ, நீதானா அது? இந்த வருசம் டீச்சர் கூப்புடவே இல்லையேன்னு பாத்தேன்.”

சிரிக்காமல் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“எனக்குத் தெரியாது மல்லி. நான் கேக்கவே இல்ல.”

“சரி உடு. நாலுன்னியே, மூணுதான் இருக்குது. நாலாவது?”

திருத்திய படத்தைத் திறந்து காட்டினேன். பக்கத்திலேயே மூலப் படத்தையும். அவள் மூக்குத் திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள்.

“ஏ புள்ள, நாத்தாட்டம் ஒவ்வொண்ணா நட்டு வெச்சிருக்கறயே! இத்தன வேல எனக்குக்கூடத் தெரியாது.” பிறகு நிமிர்ந்தாள். “புள்ள மூஞ்சில கை வெக்கறதுக்கு முன்னால, அவ டி.சி.யில என்ன எழுதியிருக்குதுன்னு பாத்தியா?”

“இல்ல.”

“நான் அதப் பாத்துட்டுத்தான் கேமராவையே தொறப்பேன்.”

பத்தாம் வகுப்பில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நான்தான் ஊதினேன். எனக்கு எப்படி மறந்தது?

“நாளைக்கு முதல் பஸ்ல போய் நானே எடுத்துட்டு வர்றேன்” என்றேன்.

“எடுத்துட்டு வந்து? போட்டோ மேல ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்துப் போட்டு சீல் வெக்கோணும். நீ எடுத்து, கீழ வந்து அச்சுப் போட்டு, மறுபடி மேல போயி, மறுபடி நாமக்கல் போறதுக்குள்ள சனிக்கெழம ஆயிரும். நானும் வாரேன்.”

இரண்டு பைகள்

பேருந்தில் எங்கள் பைகள் இரண்டும் காலடியில் கிடந்தன.

என் பையில் இருந்தவை: கேமரா ஒன்று, லென்ஸ் மூன்று, தூசி ஊதும் ரப்பர் பந்து, லென்ஸ் துடைக்கும் துணி, ஈரத்தை உறிஞ்சும் பொட்டலம் நான்கு.

அவள் பையில் இருந்தவை: கேமரா இரண்டு, வெளுத்த வெள்ளை வேட்டி, சீப்பு, ஊக்கு ஒரு கொத்து, துண்டு, பொட்டு அட்டை, சுருட்டிய வெள்ளை சார்ட் தாள், சின்ன பிரிண்டர், அதற்கு பேட்டரி, கத்தரிக்கோல், பசை, ஸ்டாம்ப் பேட்.

“ஸ்டாம்ப் பேட் எதுக்குடி?”

“ஸ்கூல்ல இருக்கறது காஞ்சு கெடக்கும்.”

என் பையில் கேமராவுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. அவள் பையில், எதிரே உட்காரப் போகிறவளுக்கு வேண்டியது இருந்தது. முப்பதாவது வளைவில் எனக்குக் காது அடைத்தது. 

மேலே போனால் மின்சாரம் இல்லை. வகுப்பறை இருட்டு. வெளியே, முதலில் சொன்ன பனி. நானாக இருந்தால் பனி விலகட்டும் என்று காத்திருந்திருப்பேன்.

மல்லிகா ரம்யாவை முற்றத்துக்கு அழைத்துப் போனாள். இரண்டு பெண்களை வேட்டியின் இரு முனையைப் பிடித்துப் பின்னால் நிற்கச் சொன்னாள். இன்னொருத்தி கையில் சார்ட் தாளைக் கொடுத்து, வெளிச்சம் கீழேயிருந்தும் முகத்தில் படும்படி ரம்யாவின் மார்புக்குக் கீழே படுக்கை வாட்டில் பிடிக்க வைத்தாள். பனி முழுக்க ஒரே வெளிச்சம். எந்தப் பக்கமும் நிழல் இல்லை. எடுத்துப் பார்க்காமலே எனக்குப் புரிந்தது. நான் மாதக்கணக்கில் அழகு என்று படம் பிடித்துக்கொண்டிருந்த பனியை அவள் விளக்காக்கிக்கொண்டாள்.

“முடிய மேல தூக்கு சாமி.”

“வேண்டாங்க்கா. அது அசிங்கமா இருக்குமுங்க. அந்த அக்கா எடுத்தாப்புலயே மறைச்சரலாங்க்கா.”

எனக்குத் தரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

“எப்புடிப் பட்டுச்சு அது?”

“களைக்கொத்துங்க்கா. மரவள்ளிக் காட்டுல எங்கக்கா கொத்திட்டிருந்துச்சு. தெரியாம நான் பின்னால போயி நின்னுட்டனுங்க. என்னைய விட அக்காதான் ரொம்ப அழுதுச்சுங்க.”

“செரி. இப்ப அங்க ஆபீஸ்ல ஒருத்தர் கண்ணாடி போட்டுட்டு ஒக்காந்திருக்காரு. அவருக்கு உன்ற பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. இந்தத் தழும்ப வெச்சுத்தான் நீ நீயுன்னு அவரு நம்போணும். அதப் போயி மறைக்கலாமா? எங்க, காட்டு.”

ரம்யா சிரித்துவிட்டாள். மல்லிகா ஊக்கை எடுத்து முடியை மேலே செருகினாள். துண்டால் நெற்றியில் பனி ஈரத்தைத் துடைத்தாள். இடது புருவம் நன்றாகத் தெரிய, முகத்தை ஒரு நூல் திருப்பினாள்.

நான்கே படம். நான் எண்ணினேன்.

பிரிண்டர் வராந்தாவில் வெதுவெதுப்பாக ஒரு தாளைத் துப்பியது. தலைமையாசிரியை அதிலும், மல்லிகா முந்தைய நாளே அச்சுப் போட்டு எடுத்து வந்த மூன்று பேர் படத்திலும் கையெழுத்துப் போட்டு, சீலை எடுத்துப் பள்ளியின் ஸ்டாம்ப் பேடில் குத்தினார். ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி குத்தினார். மல்லிகா தன்னுடையதைத் திறந்து நகர்த்தி வைத்தாள்.

அலுவலகத்தில்

வளர்மதி டீச்சர், ரம்யா, மல்லிகா, நான். பத்தரை மணிப் பேருந்தில் இறங்கினோம். பாதி மலையில் ஒரு மரவள்ளி லாரி வளைவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் போனது. ரம்யா கோப்பை மார்போடு பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக லாரியையே பார்த்தபடி இருந்தாள். மல்லிகா கடலை கொடுத்தாள். அவள் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

நாமக்கல் அலுவலகப் படியில் ஏறும்போது மணி நாலு இருபது. மூன்று பேருடைய படங்களை முதலில் கொடுத்தோம். பிறகு ரம்யாவின் படிவம்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த அந்த அலுவலர் அதைக் கீழே இறக்கினார். மாற்றுச் சான்றிதழை எடுத்து உரக்கப் படித்தார்.

“இடது புருவத்தில் ஒரு தழும்பு.”

படத்தைப் பார்த்தார். ரம்யாவைப் பார்த்தார். ரம்யா யாரும் சொல்லாமலே முடியை மேலே தூக்கிக் காட்டினாள்.

“ம்” என்று முத்திரை குத்தினார். பழைய படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் ஒட்டியிருந்த, நான் எடுத்த படத்தை ஒரு நிமிடம் பார்த்து, “அப்ப இது யாரும்மா?” என்று கேட்டார்.

ரம்யா படிவத்தை வாங்கிக் கோப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

ரம்யா இப்போது செவிலியராக இருக்கிறாள். அவள் கழுத்து அட்டையில் முடியை மேலே செருகிய படம்தான் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். ஆனால் நான் முடிக்க நினைத்த இடம் அது அல்ல.

மறுபடி உரக்கடை மாடி

மலைக்குத் திரும்பும் பேருந்துக்கு அரை மணி நேரம் இருந்தது. எல்லோரும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து டீ குடித்தோம். ஜன்னலில் மாலை வெயில். ரம்யா பழைய படிவத்திலிருந்து என் படத்தை நகத்தால் மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அதைக் கிழிச்சுப் போட்டுடு ரம்யா” என்றேன்.

“இதைய நான் வெச்சுக்கட்டுங்களா?”

“எதுக்கு? அது நீயே இல்லையே.”

“அதுதானுங்க்கா. எங்கக்கா மாதிரி இருக்குதுங்க.” டம்ளரைக் கீழே வைத்தாள். “அக்கா காய்ச்சல்ல போயிருச்சுங்க. நாலஞ்சு வருசமாச்சு. போட்டோவே எடுத்ததில்லீங்க. ஆதார்ல ஒண்ணு இருக்குதுங்க, அதுல கருப்பா மொட்டையாத் தெரியும், மூஞ்சியே இருக்காது. எங்கம்மா அதைய வெச்சுத் தடவித் தடவிப் பாக்குமுங்க.”

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் எழுந்து கணினியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பென் டிரைவ் எங்க கயலு?”

கொடுத்தேன். நான் நாற்பது நிமிடம் உழைத்த அந்த முகம் திரையில் பெரிதாக வந்தது.

“ஊட்டுல மாட்டற அளவுக்குப் பெருசாப் போட்டுத் தர்றேன் சாமி. ஆனா எந்தப் பாரத்துலயும் இதைய ஒட்டிராத. ஊட்டுக்கு மட்டும்.”

“செரிங்க்கா.”

மல்லிகா அச்சுக் கொடுக்கப் போன கையை நிறுத்தினாள். நாற்காலியைத் திருப்பினாள். காலையில் வராந்தாவில் கேட்ட அதே குரல்.

“உங்கக்காளுக்கு மச்சம் எங்க இருந்துச்சு?”

ரம்யா தன் முகத்தில் இடது கன்னத்தில், உதட்டுக்குப் பக்கத்தில், விரலை வைத்தாள்.

மல்லிகா எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தாள். “உனக்குத்தான் இந்த வேலையெல்லாம் நல்லா வருது. வை.”

புள்ளியை எடுக்கத்தான் எனக்குத் தெரியும். பக்கத்து நிறத்தைப் பார்த்து, கொஞ்சம் கறுப்பைச் சேர்த்து, ஒரு புள்ளி வைத்தேன்.

“இன்னுங் கொஞ்சம் கீழங்க்கா” என்றாள் ரம்யா.

நகர்த்தினேன்.

“இன்னுங் கொஞ்சம்.”

நகர்த்தினேன். போதுமா என்று திரும்பிப் பார்த்தேன். ரம்யாவின் விரல் இன்னும் அவள் கன்னத்திலேயே இருந்தது.